ஒஸ்லோவில் முதல் நாள், அதுவும் ஞாயிற்றுக்கிழமை: நடந்து பார்க்க எங்கே தொடங்குவது?

தலவாக்கலை மழை:

எல்லாருக்கும் வணக்கம். வேலை செய்யும் இடத்திலிருந்து ஒரு பயிற்சிக்காக என்னை நோர்வேக்கு அனுப்புகிறார்கள், அக்டோபர் முதல் வாரம். சனிக்கிழமை இரவு ஒஸ்லோவில் இறங்குகிறேன், திங்கள் காலையிலேயே வகுப்பு தொடங்கிவிடும், அதற்கப்புறம் தினமும் நாலு மணி வரைக்கும் வகுப்புதான் என்று அட்டவணையில் போட்டிருக்கிறார்கள். ஆக அந்த ஞாயிறு ஒன்றுதான் முழு நாளாக என் கையில் கிடைக்கிறது. தங்கும் இடம் சென்ட்ரல் ஸ்டேஷனுக்குக் கிட்ட.

இலங்கையை விட்டு வெளியே போவது எனக்கு இதுதான் முதல் தடவை. இணையத்தில் தேடினால் அரண்மனை, ஒபேரா, சிலைப் பூங்கா, மியூசியம் என்று எல்லாரும் அதே இடங்களைத்தான் சொல்கிறார்கள், ஒவ்வொன்றுக்கும் ஓடிப் போய்ப் படம் எடுத்துவிட்டு அடுத்ததுக்கு ஓடச் சொல்கிறார்கள். எனக்கு அது வேண்டாம். தேயிலைத் தோட்டத்து மேல் டிவிஷனிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு ஏறி இறங்கி நடந்து வளர்ந்தவள் நான், தூரம் ஒரு பிரச்சினை இல்லை. அந்த ஊரில் சாதாரண சனம் எங்கே இருந்தார்கள், என்ன வேலை செய்து பிழைத்தார்கள் என்று பார்க்கத்தான் ஆசை. எங்கே தொடங்கி எங்கே முடித்தால் அது ஓரளவாவது பிடிபடும்? அப்புறம் தனியாகப் போகும் பெண்ணுக்குப் பயமில்லாத வழிதானா, குளிருக்கு என்ன போடுவது, சாப்பாட்டுக்கு எவ்வளவு ஆகும், இதெல்லாம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கையில் காசு கொஞ்சம்தான்.

பண்டாரவளைக்காரன்:

தங்கச்சி, முதலில் வாழ்த்துகள். தம்பி குடும்பத்தைப் பார்க்கப் போனபோது நான் நடந்த வழியைச் சொல்கிறேன், முதல் நாளுக்கு இதுதான் சுலபம்.

ஸ்டேஷன் வாசலிலேயே கார்ல் யோஹான் வீதி தொடங்குகிறது. ஒரு கிலோமீட்டர் சொச்சம், நேராகப் போய் அரச மாளிகையில் முடியும், வழி தவறவே முடியாது. போகும்போது வலது பக்கம் கதீட்ரல், 1697இலிருந்து இருப்பது. கொஞ்சம் தள்ளி இடது பக்கம் நாடாளுமன்றம், மஞ்சள் செங்கல் கட்டடம், 1866. அதன் முன்னால் இரண்டு கல் சிங்கங்கள் இருக்கும், கொஞ்சம் நின்று பாருங்கள், அவற்றைச் செதுக்கியவர் ஆக்கெர்ஸ்ஹூஸ் கோட்டையில் அடைபட்டிருந்த ஒரு கைதி. மாளிகை 1849இல் கட்டி முடித்தது. சுற்றி மதில் கிடையாது, பூங்கா வழியாக நடந்து மாளிகை முற்றம் வரைக்கும் யாரும் போகலாம், மதியம் ஒன்றரைக்குக் காவலர்கள் மாறுவதையும் பார்க்கலாம்.

அங்கிருந்து கடல் பக்கமாக இறங்கினால் நகர மண்டபம், இரண்டு பெரிய கோபுரத்தோடு சிவப்புச் செங்கலில் நிற்கும். ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் 10ஆம் திகதி நோபல் சமாதானப் பரிசு கொடுப்பது அதற்குள்ளேதான். உள்ளே போகக் காசு இல்லை, ஞாயிற்றுக்கிழமை நேரத்தை மட்டும் அவர்களுடைய இணையப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்தது நான் சொன்ன அந்தக் கோட்டை, 1300 வாக்கில் கட்டத் தொடங்கியது, வளாகத்துக்குள் நடக்க டிக்கட் இல்லை. அப்படியே தண்ணீர் ஓரமாக வந்தால் ஒபேரா. 2008இல் திறந்தார்கள், அதன் கூரை வெள்ளைப் பளிங்கில் சரிவாகத் தண்ணீரிலிருந்தே ஏறுகிறது, யார் வேண்டுமானாலும் மேலே ஏறி நடக்கலாம்.

நேரம் மிச்சமிருந்தால் ட்ராமில் ஏறி விகெலாந்து சிலைகளைப் பார்க்கப் போங்கள். குஸ்தாவ் விகெலாந்து என்ற ஒரே சிற்பியின் 200க்கும் மேற்பட்ட சிலைகள். நடுவில் ஒரே கருங்கல்லில் 121 மனித உருவங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக் கிடக்கும், மூன்று கல்தச்சர்கள் 14 வருஷம் செதுக்கினார்களாம். அதை விட்டுவிட்டு வரவே கூடாது.

ஹட்டன் அக்கா, ஒஸ்லோவிலிருந்து:

பண்டாரவளைத் தம்பி சொன்னது நல்ல வழிதான், ஆனால் இந்தப் பிள்ளை கேட்டது அதை இல்லையே. சனம் எங்கே இருந்தார்கள், என்ன வேலை செய்தார்கள் என்று கேட்கிறாள். ராசா வீட்டு வாசலில் அது தெரியாது. நான் இங்கே வயதானவர்கள் இல்லமொன்றில் வேலை செய்கிறேன், ஊரிலிருந்து யார் வந்தாலும் முதல் நாள் கூட்டிப் போவது ஆற்றங்கரைக்குத்தான்.

தங்கச்சி, ஆக்கெர்செல்வா என்று ஒரு ஆறு இந்த ஊரை இரண்டாகப் பிரித்துக்கொண்டு ஓடுகிறது. வடக்கே மாரிடால்ஸ்வான் ஏரியில் புறப்பட்டு ஸ்டேஷன் பக்கத்தில் கடலில் விழுகிறது, எட்டு கிலோமீட்டர் மட்டில் வரும். ஏரி கடல் மட்டத்துக்கு மேல் 149 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரம் அவ்வளவையும் இந்தச் சின்னத் தூரத்துக்குள் ஆறு இறங்கிவிடுவதால் வழியெல்லாம் நீர்வீழ்ச்சிதான், விழுகிற தண்ணீரை நம்பித்தான் இந்த ஊரின் தொழில் வளர்ந்தது. முதலில் மரம் அறுக்கும் ஆலைகள், பிறகு 1840களிலிருந்து நூல் ஆலை, நெசவாலை, கப்பல் பாய்த்துணி ஆலை என்று வரிசையாக வந்தன. நம்ம பக்கத்துப் பழைய தேயிலை ஸ்டோர்கள், அதாவது தேயிலை ஆலைகள், சிலவும் தண்ணீர்ச் சக்கரத்தில் ஓடியவைதான், அதனால் ஒரு வீழ்ச்சியையும் பக்கத்தில் ஒரு செங்கல் கட்டடத்தையும் பார்த்ததுமே ஏன் அது அங்கே நிற்கிறது என்று உனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

செய்ய வேண்டியது இதுதான். காலையில் ஸ்டேஷன் பக்கத்தில் ட்ராம் ஏறி ஷெல்சோஸ் வரைக்கும் போ. இறங்கி ஏரி அணைக்கட்டுக்கு நட, கிட்டத்தான். ஊருக்குக் குடிதண்ணீர் பெரும்பாலும் அந்த ஏரியிலிருந்துதான் வருகிறது, அதில் யாரையும் குளிக்க விட மாட்டார்கள். இங்கே கடையில் தண்ணீர் போத்தல் வாங்காதே, குழாயைத் திறந்து பிடித்தாலே நம்ம பீலித் தண்ணீர் மாதிரி சில்லென்று சுத்தமாக இருக்கும். அணையிலிருந்து கரை வழியாகவே கீழே இறங்கு. மேல் பகுதியில் மரங்கள்தான், அக்டோபரில் இலையெல்லாம் மஞ்சளாகிக் கொட்டிக்கொண்டிருக்கும், பெரிதாக ஒன்றும் இல்லை, நட. நீடாலன் வந்ததும் ஆலைகள் தொடங்கும். அங்கே 1845இல் தொடங்கிய நூல் ஆலை இருந்தது, இப்போது அந்தப் பகுதி முழுக்க அலுவலகங்களும் ஒரு வணிகக் கல்லூரியும்.

அதற்கும் கீழே சாகெனே பகுதியில் பேயர் பாலம் என்று ஒரு சின்னப் பாலம் வரும். அங்கே கட்டாயம் நில். பாலத்தின் மேல் ஆலைக்கு வேலைக்குப் போகும் பெண்களின் வெண்கலச் சிலை இருக்கிறது. ராணி இல்லை, தேவதை இல்லை, நெசவாலைக் கூலிப் பெண்கள், வேலைக்குப் போகிற உடுப்போடு. பக்கத்திலேயே தண்ணீர் இரைந்துகொண்டு விழும், கரையில் 1850களில் தொடங்கிய ஹ்யூலா நெசவாலையின் கட்டடங்கள் இன்னும் நிற்கின்றன. கிராமத்தை விட்டுப் பிழைக்க வந்த இளம் பெண்கள்தான் இந்த ஆலைகளில் அதிகம். நான் இங்கே வந்த புதிதில் பேச ஆள் இல்லாமல் இருந்த காலத்தில், வேலை முடிந்து அந்தப் பாலத்துக்குப் போய் நிற்பேன். எங்கள் அம்மா கொழுந்துக் கூடையோடு பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலை பிரிக்கும் இடத்துக்கு, போனவர். தோட்டத்தில் வேலை செய்த ஒரு பெண்ணுக்கு நம்ம ஊர் டவுனில் இப்படி ஒரு சிலை நடுப்பாதையில் நின்றால் எப்படி இருக்கும் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன்.

பாலத்துக்குக் கொஞ்சம் கீழே சிவப்பு மர வீடு ஒன்று, ஹோன்ஸெ லொவிசா வீடு என்பார்கள், உள்ளே தேநீர்க் கடை. திறந்திருந்தால் ஒரு வாஃபிள் சாப்பிடு, ஜாமோடு. அப்படியே இறங்கினால் க்ரூனர்லொக்கா, முன்பு தொழிலாளர் குடியிருப்பு, இப்போது விலை கூடிய இடம். ஞாயிற்றுக்கிழமைகளில் பிர்கெலுண்டன் பூங்காவில் பழைய சாமான் சந்தை போடுவார்கள். வீட்டில் இருந்த கோப்பை, தட்டு, கம்பளி, பழைய படம் என்று பரப்பி வைத்திருப்பார்கள், ஒன்றும் வாங்காவிட்டாலும் ஒவ்வொரு மேசையாகப் பார்த்துக்கொண்டு போ, இங்கத்தைய சனம் வீட்டுக்குள் எப்படி வாழ்கிறார்கள் என்று அதில் தெரியும். பிறகு கீழே ஸ்டேஷன். கடைசித் துண்டு ஆறு நிலத்துக்கு அடியில் போய்விடும், நீ வீதியால் நடந்து ஒபேரா கூரைக்குப் போய்விடு. அந்த நேரத்தில் சூரியன் ஆறரை வாக்கில் மறையும்.

பயம் என்று பார்த்தால், பகலில் முழு வழியிலும் பிள்ளை வண்டி தள்ளும் தாய்மாரும் ஓடுகிறவர்களும்தான். க்ரூனர்லொக்காவுக்குக் கீழே ஆற்றோரத்தில் மட்டும் இருட்டினால் போதைப்பொருள் விற்கிறவர்கள் நிற்பார்கள். இருட்டும் முன்பே அதைக் கடந்துவிடு, நேரமாகிவிட்டால் ஆற்றை விட்டு வெளிச்சமான பெரிய வீதிக்கு ஏறிவிடு.

பொகவந்தலாவை மாஸ்டர்:

ஒஸ்லோவுக்கு நான் போனதில்லை, ஆனால் தொழிற்சங்க வரலாறு படித்தவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். அக்கா சொல்லும் அந்த ஆறு நீண்ட காலமாக அந்த ஊரில் ஒரு எல்லை. கிழக்குக் கரையில் தொழிலாளர்கள், மேற்கில் வசதியானவர்கள். அதைத் தெரிந்துகொண்டு நடந்தால் இரண்டு கரையையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றும், மாளிகை எந்தப் பக்கம் இருக்கிறது என்றும் கவனிப்பீர்கள்.

இன்னொன்று, 1889 அக்டோபரில் அந்த ஊரின் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பாதிப்பேர் சிறுமிகள் என்று சொல்லும் அளவுக்கு இளம் வயதுக்காரர்கள். வெள்ளைப் பொஸ்பரஸ் நெருப்புக்குச்சி செய்த காலம் அது, அந்த நஞ்சு தாடை எலும்பையே அரித்துவிடும், கூலியும் அற்பம். தங்களுக்கென்று ஒரு சங்கத்தை அப்போதுதான் அமைத்தார்கள். அந்தத் தொழிற்சாலைகள் இந்த ஆற்றோரத்தில் இருந்தவை அல்ல, கிழக்கே தள்ளி ப்ரின் பக்கத்தில், அதனால் நடக்கும் வழியில் தேட வேண்டாம். ஆனால் பாலத்தில் நிற்கும்போது இதுவும் மனதில் இருக்கட்டும். நாங்கள் நாட்சம்பளத்துக்காக எத்தனை தடவை தெருவில் இறங்கியிருக்கிறோம் என்று நினைக்கும்போது, இன்று உலகத்தில் மிக நல்ல சம்பளம் வாங்கும் நாடுகளில் ஒன்று எங்கிருந்து தொடங்கியது என்பதை நம்ம பிள்ளைகள் நேரில் பார்க்க வேண்டும் என்றே ஆசைப்படுகிறேன்.

ஊர் பழையது என்று நினைத்துப் போனால் நடுப்பகுதியில் நேரான வீதிகளைப் பார்த்து யோசிப்பீர்கள். 1624இல் ஒரு பெரிய தீயில் பழைய ஒஸ்லோ எரிந்துபோக, டென்மார்க்கையும் நோர்வேயையும் சேர்த்து ஆண்ட நாலாம் கிறிஸ்தியான் மன்னர் ஊரையே கோட்டைக்குப் பக்கத்தில் தள்ளிக் கட்டச் சொல்லி, தன் பெயரால் கிறிஸ்தியானியா என்று வைத்தார். ஒஸ்லோ என்ற பெயர் திரும்பி வந்தது 1925இல்தான்.

நகர மண்டபத்தைக் கடக்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்: 2015இல் அந்த நகரத்தின் துணை மேயராக வந்தவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒரு தமிழ்ப் பெண், கம்சாயினி குணரத்தினம். பிறகு நாடாளுமன்றத்துக்கும் போனார்.

பண்டாரவளைக்காரன்:

மாஸ்டர் சொன்னதையும் அக்கா சொன்னதையும் படித்ததும் எனக்கே அந்தப் பாலத்தைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். முதல் நாள், மொழி தெரியாத ஊர், ஊருக்கு வெளியே ட்ராமில் போய் இறங்கி, ஆற்றோரமாகத் தனியாக வருவதைவிட நடு ஊரில் தொடங்கினால் மனதுக்குத் தைரியமாக இருக்கும், திசையும் பிடிபடும். மழை பெய்தால் என்ன செய்வது? ஆற்றோரத்தில் ஒதுங்க இடம் ஏது? மாளிகை வழியில் என்றால் பத்து அடிக்கு ஒரு கட்டடம் இருக்கிறது. அப்புறம் நம்ம நேரத்துக்கும் அங்கத்தைய நேரத்துக்கும் அக்டோபரில் மூன்றரை மணித்தியால வித்தியாசம், விடியற்காலை நாலு மணிக்கே தூக்கம் கலைந்துவிடும், அப்போது நம்ம ஊரில் ஏழரை. ஏழரைக்கு அங்கே வெளிச்சம் வந்ததும் கார்ல் யோஹான் வீதியில் நடந்துவிட்டு வந்தால் ஒன்பது மணிக்கு ட்ராம் ஏறலாமே. இரண்டும் கிடைக்கும்.

ஹட்டன் அக்கா, ஒஸ்லோவிலிருந்து:

இரண்டையும் ஒரே நாளில் அடைத்தால் ஆற்றோரத்தில் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் நேரத்தைப் பார்த்துக்கொண்டு ஓடுவாள் தம்பி. மாளிகையும் விகெலாந்து சிலைகளும் எங்கேயும் போய்விடாது. சிலைகள் இருக்கும் பூங்காவைப் பூட்டுவதே இல்லை, மாளிகையைச் சுற்றியுள்ள பூங்காவும் அப்படித்தான், வகுப்பு முடிந்த ஒரு சாயந்தரம் போதும். எட்டு கிலோமீட்டர் ஆற்றை அவசரமில்லாமல் நடக்க ஒரு பகல் முழுசாக வேண்டும், அது இந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவளுக்குக் கிடைக்கிறது.

மழை நியாயமான கேள்வி. தூறல் என்றால் நட, தலவாக்கலைக்காரிக்கு மழையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பெருமழை என்றால் மேல் பகுதியை விட்டுவிட்டு சுரங்க ரயிலில் நீடாலன் வரைக்கும் போய் அங்கிருந்து இறங்கு, தூரமும் குறையும், முக்கியமான இடம் எல்லாம் அதற்குக் கீழேதான். ஒதுங்குவதற்கு மாத்ஹாலன் இருக்கிறது, ஆற்றோரத்திலேயே பழைய தொழிற்சாலைக் கட்டடத்தில் சாப்பாட்டுக் கடைகள், உள்ளே சூடாக இருக்கும், ஒன்றும் வாங்காமல் சுற்றிப் பார்த்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

தலவாக்கலை மழை:

அக்கா, மாஸ்டர், அண்ணா, மூன்று பேருக்கும் நன்றி. பாலத்தைப் பற்றி வாசித்தபோது அம்மாவிடமும் சத்தமாக வாசித்துக் காட்டினேன், கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றவர், படம் எடுத்து அனுப்பு என்று சொல்லிவிட்டார். ஆகவே ஆற்று வழிதான். அண்ணா, மாளிகைக்கு வேலை நாளில் ஒரு சாயந்தரம் கட்டாயம் போகிறேன்.

இனி டிக்கட், சாப்பாடு, உடுப்பு, இந்த மூன்றுக்கும் யாராவது விவரமாகச் சொல்லுங்கள்.

நானுஓயா கோச்சி:

உடுப்பைப் பற்றி நான் சொல்கிறேன், பக்கத்து நாடான சுவீடனில் குளிர்காலம் கழித்தவன். நுவரெலியாக் குளிர் பழகியவர்கள் செய்கிற வேலை, ஒரு பெரிய தடித்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு போவது. அங்கே வீடு, கடை, ட்ராம் எல்லாவற்றுக்குள்ளும் சூடு போட்டிருப்பார்கள், உள்ளே போனதும் வியர்க்கும், வெளியே வந்ததும் அந்த ஈரமே குளிரும். மெல்லியதாக மூன்று அடுக்கு போடுங்கள்: உடம்போடு ஒட்டி ஒரு கம்பளி நூல் பனியன், மேலே ஒரு ஸ்வெட்டர், அதற்கு மேல் காற்றும் மழையும் புகாத ஜாக்கெட். அக்டோபர் தொடக்கத்தில் பகலில் பத்து பாகை அளவில்தான் இருக்கும், காலையில் இன்னும் குறையும். காதை மூடும் தொப்பி கட்டாயம். சப்பாத்து புதிதாக வாங்கினால் இங்கேயே போட்டுப் பழக்குங்கள், அடிப்பாகம் பிடிமானமாக இருக்கட்டும், ஈர இலை கிடக்கும் இறக்கத்தில் வழுக்கும்.

வீதி கடக்கும்போது கவனம். அங்கே வாகனம் வலது பக்கம் ஓடும், நாம் பழக்கத்தில் வலது பக்கம் பார்த்துவிட்டு இறங்குவோம், இடமிருந்து வந்துவிடும். பாதசாரிக் கடவையில் கார்கள் நின்று வழி விடும் என்பது உண்மை. ட்ராம் நிற்காது, அதற்கு நாம்தான் வழி விட வேண்டும்.

ஹட்டன் அக்கா, ஒஸ்லோவிலிருந்து:

டிக்கட்டுக்கு ரூட்டர் என்ற செயலியை ஊரிலேயே போனில் இறக்கிவிடு. ஒரு தடவை போவதற்கே 40 குரோணருக்கு மேல், ஒரு குரோணர் நம்ம காசில் முப்பது ரூபாய் அளவில் வரும், கணக்குப் பார். ஞாயிற்றுக்கிழமை உனக்கு ட்ராம் ஒரு தடவைதான் வேண்டும், திரும்பி வருவது கால்நடையாக, அதனால் நாள் டிக்கட் எடுக்காதே. ஏறும் இடத்தில் கதவு, தடுப்பு ஒன்றும் இருக்காது, டிக்கட் கேட்க ஆளும் நிற்காது, ஆனால் இடையில் பரிசோதகர்கள் ஏறுவார்கள், அபராதம் பெரிய தொகை. விமான நிலையத்திலிருந்து வரும்போதும் விரைவு ரயில் என்று தனியாக ஒன்று ஓடும், அதில் ஏறாமல் சாதாரண ரயிலில் ஏறு, சில நிமிஷம்தான் கூட எடுக்கும், காசு ஏறத்தாழ பாதி.

சாப்பாடு முக்கியம். ஞாயிறு பெரிய கடைகள் மூடியிருக்கும், அது சட்டம். சின்னக் கடைகளும் ஸ்டேஷனுக்குள் இருப்பவையும் திறக்கும், விலை கொஞ்சம் கூட. பாண், சீஸ், வாழைப்பழம் வாங்கி நீயே கட்டிக்கொண்டு போ, இங்கே பெரிய அதிகாரியும் பகலுக்குப் பாண் கட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறார், கடையில் ஒரு கோப்பி குடித்தாலே ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் போய்விடும். ஊரிலிருந்து இறைச்சியும் பால் சாமானும் கட்டிக்கொண்டு வராதே, கொண்டுவர அனுமதி இல்லை. சோறு வேண்டும் என்று வந்துவிட்டால் ஸ்டேஷனுக்குப் பின்னால் க்ரோன்லாந்து பக்கம் நம்ம தெற்காசியக் கடைகள் இருக்கின்றன.

கழிவறை ஸ்டேஷனில் காசு கேட்கும். ஒபேராவுக்கு எதிரில் டைக்மான் நூலகம் இருக்கிறது, 2020இல் திறந்த பெரிய கட்டடம், அங்கே இலவசம், ஞாயிறும் திறப்பார்கள். நடந்து முடித்ததும் உள்ளே போய் மேல் மாடியில் கண்ணாடி ஓரமாக உட்கார்ந்து காலை நீட்டு, உன்னை யாரும் எழுப்ப மாட்டார்கள், போனுக்கும் அங்கேயே சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். அம்மாவுக்குப் படம் அனுப்புவதென்றால் ஆறு மணிக்கு முன்பே அனுப்பிவிடு, அப்போது அங்கே ஒன்பதரை ஆகியிருக்கும், தூங்கப் போய்விடுவார்.